மேல் மெட்டுகள்

மகர்பட்டாவில் குடியிருந்த அந்த வங்கி அதிகாரிக்குப் பழைய மாண்டலின் என்றால் பைத்தியம். எதைத் தொடுவதற்கு முன்பும் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொள்ளும் ஒல்லியான ஆள். 2003 வாக்கில், வீட்டில் கிடந்த மாண்டலினைக் காட்ட அவரைக் கட்கியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த மடையன் நான்தான்.

அப்பா சென்னையில் சினிமாவுக்கு மாண்டலின் வாசித்தவர். குடும்பத்துக்காக அதை விட்டுவிட்டு இங்கே ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். மாண்டலின் யாருடையது என்று நான் அந்த ஆளிடம் சொல்லவில்லை. அப்பாவே பெருமையாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் மாண்டலினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தின் குறுக்கே இருந்த பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினார்.

"அருமையான பீஸ் சார். மெட்டெல்லாம் ஒரிஜினல், மாத்தவே இல்ல. ஆனா முதல் நாலுதான் தேஞ்சிருக்கு. அதுக்கு மேல யாரும் கை வெச்சதே இல்ல. கத்துக்க ஆரம்பிச்சு விட்டுட்டார் போல. யார் சார் வாசிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"யாரோ தம்பி. ஜூனா பஜார்ல பழசா வாங்கினேன்."

"நல்லதாப் போச்சு ஐயா. அந்தப் புண்ணியவான் ஒழுங்கா வாசிச்சிருந்தா இவ்வளவு சுத்தமா கிடைச்சிருக்காது!"

அவர் சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஆள் மீது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் "வர்றேன் சார்" என்று முடிப்பதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன்.