இரண்டே நாளில் முடித்த முழங்கால்

திருத்தங்கல் முனியராஜுக்கு வேலை புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துவது, உயிர் கபடி. அவனை எங்கள் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்க்க ஆறு வருடம் அலைந்தேன். கூட்டத்துக்கு வருகிறேன் என்பான். தேடிப் போனால் மைதானத்தில் நிற்பான். பீஸ் ரேட் வேலை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆறு நாள் சரக்கை நாலு நாளில் முடித்துவிட்டு ஆடப் போகிற ஆள்.

2006 வைகாசியில் ஆட்டத்தில் வலது முழங்கால் ஜவ்வு அறுந்தது. மதுரையில் ஆபரேஷன். ஒன்பது மாதம் ஆடக்கூடாது, அதற்குள் திரும்ப அறுந்தால் கபடியை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சிவகாசியில் பிசியோதெரபி பார்க்கும் இசபெல், காலை மடக்கி நீட்ட வேளைக்கு இருபது, தினம் மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தார். தொடைச் சதை வற்றிவிட்டது, முட்டை, கடலையோடு தினம் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடரும் பாலில் குடிக்க வேண்டும் என்றார். வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

நம்ம ஆளுக்கு அது சனிக்கிழமை சரக்கு ஒப்படைக்கிற மாதிரி. திங்கள், செவ்வாயிலேயே நானூற்று இருபதையும் முடித்தான். ஏழு கரண்டி பவுடரையும் குடித்தான். புதன்கிழமை முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. வயிறும் போனது. கக்கூசுக்கு நொண்டி நொண்டிப் போனவனை அவன் அம்மா வெள்ளைத்தாய் பார்த்தாள்.

"ஆடவே கூடாதுன்னாக. என்னா ஓட்டம் ஓடுற ஏலே."

பைக்கில் ஏற்றி இசபெலிடம் கொண்டுபோனேன். அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். முனியராஜ் பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அறுந்துருச்சா சிஸ்டர்?"

"அறுந்து போகலை. நீங்க அறுத்துருவீக." பிறகு கேட்டார்: "நாளைக்குச் செலுத்துற மருந்தையும் இன்னைக்கே வேலை ரூம்ல வாங்கி வச்சுக்கிடுவீகளா?"

"அது எப்படி சிஸ்டர்? அன்னன்னைக்கு மருந்து அன்னன்னைக்குத்தான். மிச்சம் வச்சா வெடிச்சிரும்லா."

"காலும் அப்படித்தான்."

இருபது வருடம் மேடையில் கத்திய எனக்குக் கேட்காத காது, அந்த அம்மாளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு இருபது என்றால் இருபதுதான், இருபத்தொன்று கிடையாது.

தைப் பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி. எட்டு மாதம் ஆகியிருந்தது. முனியராஜ் அதற்குள் நன்றாகவே ஓட ஆரம்பித்திருந்தான், ஆனாலும் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தான். இறுதி ஆட்டத்தில் இவன் டீமில் ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. கேப்டன் ஊர்க்காவலன் வந்து கெஞ்சினான். கூட்டமே பேர் சொல்லிக் கூப்பிட்டது. முனியராஜ் சட்டைப் பொத்தானில் கைவைத்தான். கழற்றவில்லை.

"இன்னும் ஒரு மாசம் கெடக்கு மாப்ள" என்றான்.

மூணு பாயிண்டில் தோற்றார்கள். முனியராஜ் அழுதான். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சாயங்காலப் பயிற்சியைச் செய்தான்.