அவளுக்கு நான் தேர்ந்த கல்லூரி

எஹலியகொடப் பக்கம் ஒரு றப்பர் தோட்டப் பாடசாலையில் அப்போது நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரைதான். உயர்தரத்துக்கு எந்தக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று தாய் தகப்பன்மார் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எந்தக் கல்லூரி என்ன பெறுபேறு கேட்கும் என்பது எனக்கு மனப்பாடம். பிள்ளைக்கு என்ன தேவை என்று நான் விசாரித்ததில்லை.

போர்நிறுத்தம் இருந்த ஒரு வருடம், றப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருவரின் மகள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் மிக நன்றாகச் செய்திருந்தாள். எங்கள் பாடசாலையிலிருந்து அதுவரை ஒருவரும் விஞ்ஞானப் பிரிவுக்குப் போனதில்லை. முதல் பிள்ளையை அனுப்பிய பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

"டீச்சர், நான் காமர்ஸ் படிக்கிறேனே. டவுன் ஸ்கூல்னா கிளாஸ்ல கொஞ்சப் பேருதான். வீட்டுலருந்தே பஸ்ல போயிறலாம்" என்றாள்.

"இந்த ரிசல்ட்ட வச்சிக்கிட்டு யாராவது காமர்ஸ் படிப்பாங்களா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

சின்ன வயதில் சீழ் பிடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காது. என் வகுப்பில் எப்போதும் முன் வரிசை வாங்கில்தான் இருப்பாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய, நுவரெலியாப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். உடற்குறை ஏதும் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். உண்டு என்றால் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம்.

கையெழுத்து வைக்கும்போது தாய் கேட்டார்: "காது விஷயத்த எழுதிட்டீங்களா டீச்சர்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் தனியாக என்னைப் பார்க்க வந்தாள்.

"ஒசரம்னு என்னைய கடைசில ஒக்கார வச்சாங்க டீச்சர். பாடமே கேக்கல. காது கேக்காதுன்னு சொன்னேன். ஃபோர்ம எடுத்துப் பாத்துட்டு, இல்லன்னுதானே போட்டிருக்கு, பொய் சொல்றியான்னு கேட்டாங்க."

நான் மேசையிலிருந்த கொப்பிகளை அடுக்கினேன்.

"ஒங்க எழுத்துன்னு பாத்ததுமே தெரிஞ்சிச்சு. அம்மாகிட்ட சொல்லல."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரத்தினபுரிப் பாடசாலை ஒன்றுக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். காதைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அந்த அதிபர் முன் வாங்கில் இடம் கொடுத்தார். ஆனால் அந்த வருட வகுப்பில் நிறையப் பாடம் முடிந்திருந்தது. அடுத்த வருடம் வரை அவள் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. பிறகு வர்த்தகம் படித்து, நன்றாகவே சித்தியடைந்து, டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வேலை கிடைத்த கிழமை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க இல்லாட்டி எங்க புள்ளைக்கு யாரு டீச்சர் இவ்வளவு பாத்திருப்பா" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி போட்டு வருகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.