அலமாரியின் மேல் ஒரு ஹார்மோனியம்

செய்தி வந்தபோது மாசிலாமணியின் ஹார்மோனியம் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. துறைமுகத்தில் அவரோடு கணக்கு எழுதிய கிராணி ஒருவர் மழையில் நனைந்தபடி நோரிஸ் ரோட்டில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். "மாசிலாமணி போயிட்டாருங்க. கிடங்கு வாசல்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. சமையலறையிலிருந்து வந்த என் மனைவி முதலில் அலமாரியைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

மாசிலாமணியை உங்களில் பலருக்குத் தெரியும். பகலில் துறைமுகக் கிராணி, மாலையில் நம் நாடக மன்றத்தின் இசையமைப்பாளர். நான் பாட்டு எழுதுவேன், அவர் மெட்டுப் போடுவார். கேளிக்கைப் பூங்கா மேடையில் நீங்கள் கேட்டுவிட்டு, வீடு போகும் வழியெல்லாம் முணுமுணுத்த பாட்டுகள் அவருடையவை. வரிகள் என்னுடையவை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாடகம் மேடையேறி முடிந்ததும் ஹார்மோனியத்தைப் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "நானா வந்து கேக்குற வரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காதீங்க பாவலரே" என்பார். என்னைப் பாவலர் என்று கேலி செய்ய அவர் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் வைத்தால் என்ன என்று கேட்டேன். கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, கைக்குத் தெரிந்ததெல்லாம் பழைய மெட்டுதான் என்றார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் செய்யமாட்டார். ஃபேரர் பார்க் திடலில் புல்மேல் உட்கார்ந்து பந்தாட்டம் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து, அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியைப் போட்டு, கோப்பி குடித்தபடி மீன் விலையைப் பற்றிப் பேசுவார். இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று என் மனைவி ஒரு நாள் அவர் காதுபடவே சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "சும்மா இல்ல தங்கச்சி. காது காலியாகிட்டு இருக்கு. பழசு வெளிய போனாத்தான் புதுசு உள்ள வரும்" என்றார். ஒரு நாள் அவரே வந்து கேட்பார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். அடுத்த வாரமே எனக்குத் தூக்கத்தில்கூட விடாமல் ஒலிக்கும் ஒரு மெட்டு வரும்.

அந்த வழக்கம் ஒரே ஒரு முறைதான் தவறியது. கம்பத்துக் குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் வீடிழந்த குடும்பங்களுக்காக மன்றம் ஒரு நாடகம் போட்டது. மூட்டை அலமாரிக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மன்றத்தார் என்னிடம் கேட்டார்கள், நான் கொடுக்க மறுத்தேன். வேறொரு ஹார்மோனியத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவர்முன் வைத்துவிட்டார்கள். வீடில்லாமல் நிற்பவர்களைக் காட்டிக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்? அவரும் மறுக்கவில்லை.

நாடகம் அமோகமாக நடந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒப்பனை அறையில் அவர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "எல்லாம் பழசு பாவலரே. முன்னாடி போட்டதையே மாத்தி மாத்திப் போட்டிருக்கேன். ஜனங்க கை தட்டுறாங்க. அதான் பயமா இருக்கு" என்றார். எனக்கும் அது கேட்டிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அதன் பிறகு வந்த ஓய்வு மிக நீண்டது. மழைக்காலம் வந்து போனது, மறுபடியும் வந்தது. மன்றம் வேறு ஆளைத் தேடிக்கொண்டது. மாசிலாமணிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக் கடைகளில் பேசினார்கள். அவரிடமே கேட்டவர்களும் உண்டு. அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். அப்படிப் பேசியவர்களோடு நான் சண்டைக்குப் போனேன், ஒரு பயனும் இல்லை.

கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் முழங்காலில் லேசாக அசைந்தன. இன்றே எடுத்துப் போங்கள் என்று எழுந்து மூட்டையை எடுக்கக் கைநீட்டினேன். "வேணாம், இன்னும் முழுசா வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை கேக்குறேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் ஒருவர் பின் ஒருவராக, கடைசிக் காலத்தில் அவரிடம் இசை வற்றிவிட்டது என்றே வருந்தினார்கள். இல்லை என்று சொல்ல எழுந்தேன். எதைக் காட்டுவேன்? நாற்காலியைத் திருப்பிப் போட்டார், விரல் அசைந்தது என்றால் யார் நம்புவார்கள்? அந்த மெட்டு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு ஹார்மோனியத்தை ஒரு ரிக்‌ஷாவில் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் மனைவி வேட்டி முடிச்சைத் தடவிப் பார்த்தார், அவிழ்க்கவில்லை.

"நீங்களே வச்சிருங்கண்ணே. அவரு வந்து கேக்காமக் குடுக்கக் கூடாதுன்னுதான சொல்லியிருக்காரு."

அதே ரிக்‌ஷாவில் திரும்பி வந்தேன். மூட்டை பழையபடி அலமாரியின் மேல் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். யார் கேட்டாலும் நான் கொடுப்பதாக இல்லை.