வேண்டாம் என்று சொன்ன பதினெட்டு

நாற்பத்தொன்பது வயதில், மூன்றாம் முயற்சியில், ஒரு கணிதப் பரீட்சையில் எனக்குச் சித்தி, அதாவது பாஸ், தந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பின்னால் கொள்கை எதுவும் இல்லை. மரியாதைக்காகச் சொன்னேன்.

இதை விளக்குவதற்கு நான் ஏன் அந்த வயதில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவேண்டும். ஊரில் உயர்தர வகுப்பில் நான் பயோ. எங்கள் காலத்தில் பயோ எடுத்தவர்கள் இரண்டு வகை: டாக்குத்தராக விரும்பியவர்கள், கணக்குக்குப் பயந்தவர்கள். வீட்டில் நான் முதல் வகை என்று சொல்லிவைத்திருந்தேன். டாக்குத்தரும் ஆகவில்லை, பல்கலைக்கழகமும் கிடைக்கவில்லை. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து கால் நூற்றாண்டு மற்றவர்களுடைய வீட்டையும் மாடிப்படியையும் துடைத்தேன். மகள் வேலை கிடைத்து வடக்கே போனதும் வீட்டில் ஒரு மேசை காலியானது. காலி மேசையைக் கண்டால் சிலர் அதில் பூச்சாடி வைப்பார்கள். நான் உயிரியல் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன்.

முதலாம் ஆண்டுப் பாடப் பட்டியலில் அது எனக்காகக் காத்திருந்தது: பல மாறிகளின் நுண்கணிதம். ஒற்றை x-க்கே பயந்து ஓடியவன் நான். முப்பது வருடம் கழித்து அது y-ஐயும் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. சில அத்தியாயங்களில் z-உம் வந்து தங்கியது.

என் படிப்பு நடந்தது மனைவியின் முழங்காலின் மேல். காலையில் நாங்கள் இருவரும் வியா மக்வேதாத் தெருப் பக்கம் ஆளுக்கொரு வீட்டில் வேலை. பின்னேரத்தில் சீசா என்ற பகுதியில் மூன்று கட்டடங்களின் மாடிப்படியைத் துடைப்பது என்னுடைய பொறுப்பு. விரிவுரைகளும் பின்னேரத்தில் என்றபடியால் படிகள் அவளிடம் போயின. மூன்று கட்டடம், ஐந்து ஐந்து மாடி, ஒன்றிலாவது லிஃப்ட் வேலை செய்தால் அன்று பெருநாள். இரண்டாவது முறை நான் கோட்டைவிட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, ஜூலைச் சோதினைதான் கடைசி. அதிலையும் இல்லையெண்டால் புத்தகத்தை மூடிப்போட்டு வாளியைத் தூக்குங்கோ. என்னாலை ஏலாது.”

“ஓம்” என்றேன். அநியாயமாக எதையும் அவள் கேட்கவில்லை.

நான் படித்த முறை எங்கள் ஊர் ரியூசன் கொட்டிலின் முறை. இத்தாலியில் வாய்மொழிப் பரீட்சையை யாரும் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். நான் மற்றப் பிள்ளைகளின் பரீட்சைகளுக்கெல்லாம் போய், பேராசிரியை கேட்கும் கேள்வி ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன். பிறகு விடைகளைத் தேடிப் பாடமாக்கினேன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டு போன என்னைக் கண்டு ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா, சிலுவைக் குறி போட்டார். செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அது முழுக்கப் பிழையும் அல்ல.

ஜூலைப் பரீட்சையில் பேராசிரியை ஒரு தட்டு வரைந்தார். தட்டில் சீனிக் கரைசல். ஒவ்வொரு புள்ளியிலும் அதன் செறிவு எவ்வளவு என்பதற்கு x-உம் y-உம் கொண்ட ஒரு சார்பு. நடுவில் எங்கோ ஒரு பக்டீரியா. நான் பகுதி வகையீடுகளைக் கண்டேன். y-ஐ மாறாமல் பிடித்துக்கொண்டு x-ஐ மட்டும் அசை. பிறகு x-ஐப் பிடித்துக்கொண்டு y-ஐ அசை. கை தானாக ஓடியது. அந்த இரண்டையும் சேர்த்து வரும் படித்திறனின், அதாவது கிரேடியன்ற்றின், வரைவிலக்கணத்தை ஒரு மூச்சில் சொன்னேன்.

“நல்லது. அப்படியானால் இந்தப் பக்டீரியா சீனியைத் தேடி எந்தப் பக்கம் போகும்?”

நான் வரைவிலக்கணத்தை மறுபடியும் சொன்னேன்.

“அதைச் சொல்லிவிட்டீர்கள். எந்தப் பக்கம்?”

மூன்றாம் தடவை சொல்லும்போது, அந்தப் பக்டீரியாவை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. பேராசிரியை பேனாவை வைத்துவிட்டு என் நரைத்த தலையைப் பார்த்தார். “பதினெட்டு தரலாம். ஏற்றுக்கொள்கிறீர்களா?”

முப்பதுக்குப் பதினெட்டுத்தான் சித்தியின் எல்லை. இங்கே மாணவர் புள்ளியை மறுக்கலாம். மறுத்தால் அது அத்தோடு போய்விடும், அடுத்த தவணையில் முதலிலிருந்து வரவேண்டும். இந்த விதி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் வாய் வேறொரு விதியில் வளர்ந்தது. எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால், “தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்பார்கள். “ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்.” “இல்லை, கொஞ்சம்?” “உண்மையா வேண்டாம்.” மூன்றாம் தடவை கேட்டால், “சரி, அரைக் கோப்பை”. முழுக் கோப்பை வரும், வடையோடு. முதல் தடவையே ஓம் என்பவன் வீட்டில் சாப்பாடு இல்லாதவன். பலெர்மோவிலும் நாங்கள் அப்படித்தான்.

ஒன்றை ஒளிக்கக்கூடாது. எனக்கு முதல் பரீட்சைக்கு இருந்த பெடியன், பேராசிரியை இருபத்துநான்கு என்றதும் முகத்தைச் சுருக்கினான். அவனுக்கு ஒரு புள்ளி கூடியது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே மரியாதை பாதி, ஆசை பாதி. இரண்டும் கலந்து வாயிலிருந்து வந்தது: “இல்லை, இல்லை, பரவாயில்லை.”

இன்னொரு தடவை கேட்பார் என்று புன்னகையோடு காத்திருந்தேன். அவர் தலையசைத்தார். எதையோ எழுதினார். “செப்டம்பரில் சந்திப்போம்” என்று கை தந்தார்.

நடைகூடத்தில், என் பக்கத்து இருக்கைக்காரியான இருபது வயதுச் சிசிலியப் பெண் ஓடிவந்தாள். “நீங்கள் பதினெட்டை மறுத்தீர்களாமே! என்ன துணிச்சல்! எனக்கென்றால் பதினெட்டு தந்தால் கையை முத்தமிட்டிருப்பேன்.”

மனைவி ஐஸ் பையோடு சொன்ன தீர்ப்பு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி மூன்றாவது கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தாள். ஈரப் படியில் கால் வைக்காமல் சுவரோரமாக ஏறிப் போனேன்.

“என்னமாதிரி?” என்றாள்.

“பதினெட்டு தந்தவ.”

“பாஸோ?” முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. அது இரண்டு விநாடிதான் நின்றது.

“பாஸ்தான். ஆனா நான் வேண்டாமெண்டுட்டன்.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “வேண்டாமெண்டோ? அதென்ன கலியாண வீட்டுப் பாயாசமோ?”

“ஒருக்கால் வேண்டாமெண்டு சொல்லுறதுதானே மரியாதை. திருப்பிக் கேப்பாவெண்டு நினைச்சன்.”

“அது தேத்தண்ணிக்கு!” என்றாள். அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

அவள் படியில் உட்கார்ந்தாள். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். புத்தகத்தை மூடுகிறேன் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் அவள் சொன்னாள்: “செப்டம்பர் மட்டும் பாப்பம். சும்மா விட்டால் சாகும்வரை பதினெட்டு பதினெட்டெண்டு என்னைத்தான் கொல்லுவியள்.” பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மிச்சப் படிகளைத் துடைக்கப் போனாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

ஓகஸ்டில் ஆபிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக்காற்றில் ஜன்னலை மூடி வைத்துப் படித்தேன். கொப்பியைத் திறக்கவில்லை. அதில் இருந்தவை மற்றவர்களிடம் கேட்ட கேள்விகள். என்னிடம் கேட்டது ஒன்றுதான், அதற்கு என்னிடம் விடை இல்லை. எந்தப் பக்கம்?

விடை பல்லரோச் சந்தையில் கிடைத்தது. மனைவி கருவாடு வாங்கிவரச் சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்களின் கடை பழைய இடத்தில் இல்லை, ஏதோ ஒரு சந்துக்குள் மாறிவிட்டது. யாரையும் கேட்காமல் மூக்கை நம்பினேன். பீச் பழக் கடைகளின் வரிசையோடு நேராக நடந்தேன். வாசம் கூடவுமில்லை, குறையவுமில்லை. வலப்பக்கம் திரும்பி இரண்டடி வைத்தேன், குறைந்தது. இடப்பக்கம் இரண்டடி, சட்டென்று ஏறியது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வாசம் மாறாத கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டோடு எவ்வளவு நடந்தாலும் கடை வராது. அதைக் குறுக்கே வெட்டித் திரும்பினால்தான், வாசம் மிக வேகமாக ஏறும் பக்கம் முகம் இருக்கும். பாடமாக்கிய வரைவிலக்கணத்தில் இருந்தது இவ்வளவுதான். உறுதிப்படுத்திக்கொள்ள முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக நாலைந்து தரம் நடந்தேன். பீச் பழக்காரன் எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டான். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவன் குனிந்து நிலத்தைப் பார்த்தான்.

அன்றிலிருந்து கணக்கு மெதுவாகவே போனது. ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம். ஆனால் ஒவ்வொரு வரியிலும் கால் நிலத்தில் பட்டது. y-ஐ மாறாமல் பிடித்துக்கொள் என்ற வரியில் ஒருநாள் நெடுநேரம் நின்றேன். யார் பிடிப்பது? புத்தகத்தில் அது தானாகவே நிற்கிறது. வீட்டில் அப்படி இல்லை. நான் ஒருவன் அசைவதற்காக மற்ற எல்லாவற்றையும் ஓராள் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு நிறுத்தியிருக்கலாம், நான் அதை அவளிடம் போய்ச் சொன்னேன்.

“இஞ்சை பாரும், நீர்தான் என்ரை மாறிலி.”

“அதென்ன?”

“அசையாமல் ஒரே இடத்திலை நிக்கிறது.”

“நான் எங்கை நிக்கிறன்? விடிஞ்சதிலை இருந்து ஏறி இறங்கிக்கொண்டெல்லோ திரியிறன்!”

அவள் சொன்னதுதான் கணிதப்படியும் சரி. மாறிலி என்று நான் எழுதிவைத்திருந்த இடத்தில் ஒருவர் முழு நாளும் மாறிக்கொண்டேதான் இருந்தார். எனக்கு வசதியான பக்கத்திலிருந்து பார்த்ததால் அது எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து படிப்பை விடியற்காலைக்கு மாற்றிவிட்டு, இரண்டு கட்டடத்தின் படிகளை நான் எடுத்துக்கொண்டேன். இதை விரிவுரைகள் முடிந்த ஜூன் மாதத்திலேயே செய்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. முழங்காலைத் தடவியபடி சும்மா பார்த்தாள். சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

செப்டம்பரில் அதே அறை, அதே பேராசிரியை. இந்த முறை கேள்வி வேறு. ஒரு புள்ளியில் இரண்டு பகுதி வகையீடுகளும் பூச்சியம். அங்கே விடப்பட்ட பக்டீரியாவுக்கு என்ன நடக்கும்? கொப்பியில் இருக்காத கேள்வி. நான் எதையும் ஒப்புவிக்கவில்லை. யோசித்தேன். தாளில் ஒரு தட்டை வரைந்து, அந்தப் பக்டீரியாவை நடுவில் வைத்துப் பார்த்தேன்.

“எல்லாப் பக்கமும் தட்டையாகத் தெரியும். வந்து சேர்ந்துவிட்டதாக அது நினைக்கலாம்” என்று தொடங்கினேன். “ஆனால் அது உச்சியாக இல்லாமலும் இருக்கலாம். ஸ்கூட்டர் சீற் மாதிரி இருந்தால், முன்னும் பின்னும் ஏற்றம், இரு பக்கமும் இறக்கம். கொஞ்சம் முன்னால் தள்ளுப்பட்டால் இன்னும் சீனி உண்டு.”

“அது உச்சியா, சீற்றா என்று எப்படி அறிவீர்கள்?”

இரண்டாம் வகையீடுகளைக் கண்டேன். ஒரு குறியைப் பிழையாகப் போட்டு, நானே கண்டு வெட்டித் திருத்தினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்துமூன்று. ஏற்றுக்—”

“ஏற்றுக்கொள்கிறேன்” என்றேன். பின்வரிசை சிரித்தது.

பேராசிரியை சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஜூலையில் உங்களை நான் மறக்கவில்லை” என்றார். “பாடமாக்கிய பதினெட்டை வாங்கிக்கொண்டு போவது சுலபம். விளங்கவில்லை என்று தெரிந்து, சித்தியையே மறுத்து எழுந்து போகும் நேர்மை எல்லோருக்கும் வராது. மற்ற மாணவர்களிடமும் உங்களைப் பற்றிச் சொன்னேன்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தேத்தண்ணிக் கதையை இத்தாலிய மொழியில் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். பிறகு, நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பாராட்டை நான் முதல் தடவையே எடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

மனைவி மூன்றாவது கட்டடத்து வாசலில் வாளியோடு நின்றாள். பாஸ், இருபத்துமூன்று என்றேன். கண்ணை மூடி ஒரு பெரிய மூச்சு விட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் பேராசிரியை சொன்னதை முழுவதுமாக, நேர்மை என்ற சொல்லில் கொஞ்சம் நின்று, சொல்லிக் காட்டினேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு வாளியை என் கையில் தந்தாள்.

“சரி, சந்தோசம். மிச்சப் பாடத்துக்கெல்லாம் முதல் தாறதை வாங்கிக்கொண்டு வாங்கோ. உங்கடை நேர்மையை என்ரை முழங்கால் தாங்காது.”