ராஜதுரை கடைந்து கொடுத்த பீஸ்கள்

பெரம்பலூர்ப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் லேத் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் ராஜதுரை. செந்துறைக்காரர், ஐடிஐ படிப்பு. பக்கத்து எலக்ட்ரிக்கல் லேபில் நான். அவரைப் போல நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லை. அந்த நல்ல மனசுதான் வினை.

பிராக்டிகல் பரீட்சையில் ஆளுக்கொரு இரும்புத் தண்டை லேத்தில் கடைந்து காட்ட வேண்டும். எங்கள் காலேஜில் அதைச் செய்தவர் ராஜதுரை. பரீட்சைக்கு முன்பே அறுபது பீஸ் கடைந்து, எண்ணெய் தடவி, பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார். "பாவம், கையக் கிய்ய வெட்டிக்குச்சுன்னா?" என்பார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் தொங்கும். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊழியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று மகள் தென்றலையும் அங்கேயே மெக்கானிக்கலில் சேர்த்தார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர் தன் பிள்ளைக்கும் சேர்த்தே கடைந்தார்.

மெக்கானிக்கல் பக்கம் எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்த்ததில்லை. தென்றல் கடைசி வருஷம் படித்த சித்திரையில், எல்லையில் சண்டை வரப்போகிறது என்று டிவிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வாரமே பீரங்கிக் குண்டுக்குக் கூடு கடைகிற திருச்சிக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்து நின்றது. யார் வீட்டில் எழவு விழப் போகிறதோ, நாங்கள் வாசலில் கோலம் போட்டோம். "தென்றல் கரையேறிடும்டா" என்றார் ராஜதுரை.

வந்த அதிகாரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. மெஷினில் நிற்கச் சொன்னார். முதல் ஆள் தென்றல். பாகங்களின் பெயரையெல்லாம் மடமடவென்று ஒப்பித்தாள். தண்டை மாட்டிச் சாவியால் இறுக்கினாள். இறுக்கிய சாவியை மெஷினிலிருந்து எடுக்காமலே சுவிட்சைப் போட்டாள். அது பறந்துபோய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. நல்லவேளை, அங்கே யார் தலையும் இல்லை.

"அப்ப, நீ பரீட்சையில செஞ்ச பீஸு?" என்றார் அதிகாரி.

"எங்கப்பா செஞ்சதுங்க சார். எல்லாருக்கும் அவருதான் செய்வாரு."

அதிகாரி ராஜதுரையைக் கடையச் சொன்னார். ஒன்பது நிமிஷத்தில் முடித்தார். அளந்து பார்த்த அதிகாரி, "நீங்க வந்துடுங்க" என்றார். ஒரு பிள்ளையையும் எடுக்கவில்லை. அப்போது ராஜதுரை முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மகள் எதிரிலேயே வந்தது. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

"ஒருவாட்டியாச்சும் என்னையத் தொட வுட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தென்றல் வெளியே போனாள்.

சண்டை சீக்கிரமே ஓய்ந்தது, ஆர்டர் ஓயவில்லை. ராஜதுரை அந்தக் கம்பெனியில் இருக்கிறார். தென்றல் டவுனில் துணிக்கடையில் சேலை மடிக்கிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.

"பத்தாவது படிச்ச ரெண்டு பொண்ணுங்கள எங்கிட்ட வுட்டாங்கடா. இப்பத் தனியாவே கடையுதுங்க."

"எத்தன நாள்ல கத்துக்கிச்சுங்கண்ணே?"

"இருவது நாளு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்ணுகிட்ட சொல்லிப்புடாத."