அக்கா பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஏழாவது வரைதான் படித்தேன். எழுதிக் கொடுத்தால் போதும் என்று பாஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன். கர்த்தருக்குத் தோத்திரம்.

போன வருசம் மழை தொடங்கிய சமயம் என் அக்கா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. பெயர் ரூத். ரூத்தின் அப்பா, என் மாமா, லாரி ஓட்டப் போய்விடுவார். அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கப் போய்விடுவார். குளிர் விடாத இந்த மலையில், மஞ்சூரில், எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் பகல் முழுக்க ரூத் என்னிடம்தான்.

அக்காவுக்காக எல்லோரும் முழங்காலில் நின்றோம். நீங்களும் நின்றீர்கள். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஜெபம் என்றால் என்ன என்றே எனக்குப் புரியாமல் போனது.

ரூத்துக்கு இரண்டு மாதம் ஆனபோது கழுத்திலும் முதுகிலும் அக்குளிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து வந்தது. ஓயாமல் அழுதாள். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

"அம்மை மாதிரி இருக்குது தம்பி. பாத்துக்க."

பயந்துபோய்த் தேங்காய் எண்ணெய் தடவினேன். மேலே பவுடர் கொட்டினேன். சளியும் பிடித்துவிடக் கூடாது என்று இன்னொரு சட்டை போட்டேன். சிவப்பு கூடிக்கொண்டே போனது.

அன்றைக்கு ஜெபித்தேன். சண்டை மாதிரிதான் இருந்தது. "அக்காவுக்குக் கேக்கல. இவளுக்காவது கேளுங்க. ஒரு மருந்தாவது காட்டுங்க."

மறுநாள் அம்மா லீவு போட்டார். பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா ரூத்தின் குல்லாவை எடுத்தார். துண்டை எடுத்தார். இரண்டு சட்டையைக் கழற்றினார். எல்லாவற்றுக்கும் அடியில், தோலோடு ஒட்டி, அக்கா மாசமாக இருந்தபோது பின்னிய மஞ்சள் கம்பளி ஸ்வெட்டர்.

"இதையும் கழட்டுங்க தம்பி."

"இது மட்டும் இருக்கட்டுங்க. எங்கக்கா பின்னுனதுங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "வேர்க்குரு."

"இந்தக் குளிருலீங்களா?"

"குளிரு உங்களுக்குங்க. புள்ளைக்கு உள்ள வேர்த்து ஊத்துது. இத்தனையும் போட்டு உங்கள அடுப்புகிட்ட உட்கார வெச்சாத்தான் தெரியும்" என்றார் நர்ஸம்மா. அக்கா போன பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார்.

காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள், அம்மை இல்லை என்றார் டாக்டரம்மா. எண்ணெய், பவுடர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை. ஈரத்துணியை உடனே மாற்ற வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, கொப்புளத்தில் சீழ் பிடித்தாலோ உடனே தூக்கி வரச் சொன்னார்.

ஸ்வெட்டரையும் கழற்றினேன். ரூத் கையை விரித்தாள். அழுகை நின்றது. ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். சில நாளில் தோல் தெளிந்தது.

நான் கேட்டது மருந்து. கிடைத்தது, கழற்று என்ற ஒரு வார்த்தை. அக்காவுக்கு ஏன் கேட்கவில்லை, இவளுக்கு ஏன் கேட்டார்? இன்னும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்.

இப்போது அந்த ஸ்வெட்டரைப் பருத்திச் சட்டைக்கு மேல், வெளியே போகும்போது மட்டும் போடுகிறேன். வீட்டில் அடிக்கடி ரூத்தின் பிடரியில் கை வைத்துப் பார்க்கிறேன். வேர்த்திருந்தால் ஒரு துணி குறைக்கிறேன். கை வைக்கும்போதெல்லாம் தோத்திரம் சொல்கிறேன். என்னை மாதிரி ஒன்றும் புரியாமல் இருப்பவர்கள், புரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.