என் சைக்கிள் தகட்டின் எண்

முதியோர் வகுப்பு நண்பர்களே, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்புப் பலகையில் ஒட்டுவதற்காக மெதுவாக எழுதுகிறேன்.

இன்று காலை காஜா பெராங் சாலை சைக்கிள் கடையில் கடைக்காரன் முத்தையா என் வண்டியின் தகரத் தகட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.

"எங்க, நம்பரப் படிங்கண்ணே. படிச்சிட்டா இனிமே உங்களக் கைநாட்டுன்னு கூப்பிட மாட்டேன்."

"ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று" என்றேன்.

கடையே சிரித்தது.

"ஆணி ஓட்டை கீழ இருக்குண்ணே! தகட்டத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டுப் படிக்கிறீங்க!"

பார்த்தேன். ஓட்டை கீழேதான் இருந்தது. ஆனாலும் நான் படித்தது சரி என்று எனக்குத் தெரியும்.

"நீயே நேராப் பிடிச்சுப் படிடா" என்றேன்.

படித்தான்: 168891. தலைகீழாகத் திருப்பினான். அப்போதும் 168891.

"அலாமா! என்னண்ணே இது?"

"ஒன்னு வெறும் கோடு. எட்டு எப்படிக் கவுந்தாலும் எட்டு. ஆறு ஒன்பதாகி ஒன்பதோட இடத்துக்குப் போகுது, ஒன்பது ஆறாகி இந்தப் பக்கம் வருது. அப்புறம் எப்படிடா மாறும்?"

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெற்றி இது. முத்தையாவும் சொன்ன சொல் தவறவில்லை. இப்போது என்னைத் 'தலைகீழ் அண்ணன்' என்று கூப்பிடுகிறான்.

உங்கள் சைக்கிள் எண்ணையும் கவிழ்த்துப் பாருங்கள். மாறாத எண் இருந்தால் இதன் அடியில் எழுதுங்கள். பதில் எழுதி முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும்.